தவளையிடம் கேட்ட கேள்வி

1

இந்தக் கதை எனக்கு எக்ஸ்ரே அறையில் கிடைத்தது. அதை மறைத்துவிட்டுக் கடலில் தொடங்கியிருக்கலாம். கடலில் தொடங்கும் கதைகளுக்கு ஒரு கம்பீரம் உண்டு. ஆனால் அந்தக் கடலை நான் பார்த்ததில்லை. எக்ஸ்ரே அறையைப் பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் சிறுவயது நண்பர்கள் இருவரைப் பற்றி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். விசுவாசம், அர்ப்பணிப்பு, கடமை என்று கனமான சாமான்களையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. அந்த இரண்டு ஆண்களும் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்க முதல் அத்தியாயத்திலேயே தயாராகிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பக்கம் பக்கமாக டீ குடித்தார்கள். மழையைப் பார்த்தார்கள். ஒருவன் பெருமூச்சு விட்டால் மற்றவன் என்னவென்று கேட்டான். எனக்கு இடது தோள் பிடித்துக்கொண்டது. டாக்டர் படம் எடுத்து வரச் சொன்னார்.

படம் எடுத்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். குள்ளம், உருண்டை, வேகமான கைகள்.

"கைய மேல தூக்குங்க சார்."

"முடியல."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"எழுதுறேன்."

"எழுதினா தோள் வலிக்குமா?"

"சரியா வரலேன்னா வலிக்கும்."

சிரித்தாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். சின்ன வயசு சிநேகிதம், விசுவாசம், இத்யாதி.

"கதையில சுலபம் சார்" என்றாள். "அசையாதீங்க" என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டாள்.

நான் அசைந்துவிட்டேன். படம் கலங்கிவிட்டது. மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. அன்று வெளியே பெஞ்சில் யாரும் இல்லை. அவள் சொல்லத் தொடங்கினாள். மீதியை ஆஸ்பத்திரி கேண்டீனில் இரண்டு மூன்று மதியங்களில் கேட்டுக்கொண்டேன். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க. போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

2

முதல் வரிக்காகச் செய்த முயற்சிகள்:

தவளையும் பூசணியும் ஒரே தெருவில் — (குழந்தைகள் புத்தகம் மாதிரி இருக்கிறது.)

கடல் அன்று கண்ணாடியைப் போல — (நான் எங்கே பார்த்தேன்?)

அவளைத் தொடக்கூடாது என்பதுதான் விதி. (இது பரவாயில்லை. இருக்கட்டும்.)

அவளைத் தொடக்கூடாது என்பதுதான் விதி. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குக் கடலை நீந்திக் கடப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கம் வைத்த விதி இது. நீந்துகிறவருக்குப் பக்கத்திலேயே ஒரு படகு போகும். குடிக்க ஏதாவது பாட்டிலில் ஊற்றி, கயிற்றில் கட்டி, தண்ணீரில் போடுவார்கள். எடுத்துக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். படகைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. படகில் இருப்பவர் விரல் நுனி அவர்மேல் பட்டாலும் ஆட்டம் முடிந்தது. எத்தனை தூரம் நீந்தியிருந்தாலும் கணக்கில்லை.

நீந்துகிறவள் தவளை. படகில் இருப்பவள் பூசணி, எனக்குப் படம் எடுத்தவள்தான். இவை அவர்கள் ஒருவருக்கொருவர் ஏழெட்டு வயதில் வைத்துக்கொண்ட பெயர்கள். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். தவளைக்கு நீண்ட கால்கள். நகரத்து நீச்சல்குளத்தில் தண்ணீர் ஏற்றும் பம்ப்பை அவள் அப்பாதான் பார்த்துக்கொண்டார். பூசணியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தவளை குளத்துக்குள் இருப்பாள். பூசணி கரையில் துண்டையும் செருப்பையும் காவல் காப்பாள். தண்ணீரென்றால் பூசணிக்கு அப்படி ஒரு பயம். இன்றுவரை ஷவரைத் திறந்து குளித்ததில்லை, வாளியும் செம்பும்தான்.

வளர்ந்து, தவளை ஒரு பள்ளிக்கூடத்தில் நீச்சல் ஆசிரியை ஆனாள். பூசணி எக்ஸ்ரே எடுக்கப் படித்தாள். தவளைக்குக் கடலைக் கடக்கும் ஆசை வந்தது. படகில் உட்கார ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும், எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கும் ஆள். அவள் நேராகப் பூசணியிடம் வந்தாள்.

பூசணியின் கணவர் கேட்டாராம்: "உனக்கு நீச்சலே தெரியாது. அவ முங்கினா நீ என்ன பண்ணுவ, மேல இருந்து டாட்டா காட்டுவியா?"

(இந்த இடத்தில் எனக்குப் பூசணிமேல் சந்தேகம் வந்தது. தண்ணீருக்குப் பயப்படுகிற ஒருத்தி எதற்காக நாள் முழுவதும் வாந்தி எடுத்துக்கொண்டு கடலில் கிடக்க வேண்டும்? கேட்டேன். "அவ தனியா போனா என்ன சார் பண்றது?" என்றாள், அது ஒரு பதில் போல. எழுத்தாளனுக்கு இது போதாது. அதனால் ஒரு காரணம் தயாரித்தேன்: சின்ன வயதில் பூசணி குளத்தில் மூழ்கப் போனாள், தவளை முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்து — அடித்துவிட்டேன். மூழ்குவதற்கு முதலில் குளத்தில் இறங்கியிருக்க வேண்டும். பூசணி இறங்கியதே இல்லை.)

3

முதல் தடவை தோல்வி. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மதியத்துக்குப் பிறகு தவளை அழ ஆரம்பித்தாள். "என்னத் தூக்கிடுடி, என்னால முடியல, செத்துருவேன்" என்று கெஞ்சினாள். பூசணியும் அழுதுகொண்டே கையை நீட்டித் தூக்கிவிட்டாள். போர்வையைச் சுற்றி, சூடாகக் குடித்து, தவளைக்கு நிதானம் வந்தபோது எதிர்க் கரையில் காயப்போட்டிருந்த துணிகளின் நிறம்கூடத் தெரிந்ததாம். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் பூசணியோடு பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தாள். பூசணி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தவளை கேட்காமலேயே துண்டை எடுத்துத் துடைத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"மறுபடி போறேன்."

"போ."

"நீ வரணும்."

"நான் வந்தா தூக்கிருவேன். வேற யாரையாவது ஏத்திக்கோ."

"கெஞ்சினா நீ தூக்குவேன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கெஞ்சினேன். அது நான் இல்லடி, குளிர் பேசுது."

"குளிர் பேசுதா, நீ பேசுறியான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இதற்குத்தான் தவளை ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். உடம்பு ரொம்பக் குளிர்ந்தால் மூளை குழம்பும். அதைத் தெரிந்துகொள்ளச் சாதாரணக் கேள்விகள் கேட்க வேண்டும் என்று சங்கம் சொல்கிறது. உன் பேர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை, இப்படி. "என் பேர நான் செத்தாலும் சொல்லுவேன்" என்றாள் தவளை. "நீ பழசக் கேளு. நமக்கு மட்டும் தெரிஞ்சதக் கேளு. கெஞ்சினா தூக்கக் கூடாது. பதில் தப்பானா தூக்கிரணும். அப்ப நான் வேண்டாம்னு கத்தினாலும் தூக்கணும்."

"சத்தியமா?"

"நீ பண்ணு சத்தியம். படகுல இருக்கப் போறது நீதான்."

பூசணி ஈரக் கையோடு சத்தியம் செய்தாள்.

[கதையைப் பற்றி ஒரு குறிப்பு. என் நாவலின் இரண்டு ஆண்களுக்கும் இப்படி ஓர் ஒப்பந்தம் போடத் தோன்றவே இல்லை. அவர்கள் உயிரைக் கொடுப்பதிலேயே குறியாக இருந்தார்கள்.]

4

இரண்டாவது தடவை. படகில் மூன்று பேர்: படகோட்டி, சங்கத்திலிருந்து வந்த கண்காணிப்பாளர், பூசணி. தவளை கழுத்திலும் அக்குளிலும் தோல் உரசிப் புண்ணாகாமலிருக்கக் கிரீஸ் தடவிக்கொண்டு விடியும்போது இறங்கினாள்.

காலை முழுவதும் சிரிப்பாகத்தான் போயிருக்கிறது. பாட்டிலைக் கயிற்றில் விடும்போதெல்லாம் பூசணி ஒரு கேள்வி கேட்பாள்.

"கணக்கு டீச்சர் ஸ்கூட்டர் என்ன கலரு?"

"பச்ச! ஒரு பக்கம் பெயிண்ட் உரிஞ்சிருக்கும்!"

"உங்க எதுத்த வீட்டுல யாரு?"

"தையக்கார மாமா! தும்மினா தெருவே முழிச்சுக்கும்!"

"எட்டாவதுல நீ எந்தப் பாடத்துல ஃபெயிலு?"

"எல்லாத்துலயும்! நீ ஒருத்திதான்டி பாஸு!"

படகோட்டி சிரித்துச் சிரித்து இன்ஜினை அணைத்தேவிட்டார். கண்காணிப்பாளர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தவளையின் கைவீச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார். சிரிப்பது அவர் வேலையில் சேர்த்தி இல்லை.

மதியம் காற்று திரும்பியது. எதிர்க் கரை தெரிந்தது, ஆனால் பக்கத்தில் வரவில்லை. எவ்வளவு நீந்தினாலும் நீரோட்டம் அவளை இருந்த இடத்திலேயே வைத்திருந்தது. ஜெல்லி மீன் ஒன்று கழுத்தில் கொட்டியது. கைவீச்சு தளர்ந்தது. பதில்கள் வந்தன, சரியாகவும் வந்தன, ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அலைகள் போயின. அவள் கெஞ்சவில்லை. ஒரு தடவைகூடக் கெஞ்சவில்லை. அதுதான் பூசணிக்குப் பயமாக இருந்திருக்கிறது.

"சாதாரணமா கெஞ்சிருந்தா, சரி, இவ இவளாத்தான் இருக்கான்னு நெனச்சிருப்பேன் சார்."

யோசித்து வைத்திருந்த கேள்விகள் தீர்ந்துபோயின. வாயில் வந்ததைக் கேட்டாள்:

"நீ மொத மொதல்ல மெதந்தியே, அன்னிக்குப் பக்கத்துல யாருடி இருந்தா?"

தவளை மல்லாந்து கிடந்தாள். முகத்தில் தண்ணீர் ஏறி இறங்கியது. யோசித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அப்பா."

5

பூசணி எனக்குச் சொன்னது இது. குளத்தைச் சுத்தம் செய்ய மூடியிருந்த ஒரு நாள். தண்ணீர் பாதி வற்றியிருந்தது. அப்பா பம்ப் அறையில் இருந்தார். மோட்டார் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்காது. பூசணி கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு துண்டின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள், மறு முனையைப் பிடித்துக்கொண்டு தவளை காலை உதைத்தாள். ஒரு கட்டத்தில் பூசணி துண்டை விட்டுவிட்டாள். தவளை முங்கவில்லை. உதைத்துக்கொண்டே போனாள். அதைப் பார்த்த ஒரே ஆள் பூசணி.

"அவ நீச்சலுக்கு நான்தான் சார் சாட்சி. எனக்கு வாழ்க்கையில பெருசா வேற என்ன இருக்கு, சொல்லுங்க."

பிறகு தவளை ஓடிப் போய் அப்பாவை இழுத்து வந்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். இன்னொரு தடவை மிதந்து காட்டினாள். அவர் கைதட்டினார். பூசணி அப்போது துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

ஆக, "அப்பா" என்பது தப்பான பதிலா? அப்பா பார்த்தது இரண்டாவது தடவை. ஆனால் ஒரு பெண் தன் அப்பா கைதட்டிய தடவையை முதல் தடவை என்று ஞாபகம் வைத்திருந்தால் அதற்குக் குளிர் காரணம் என்று சொல்ல முடியாது. வருஷக்கணக்காக, நல்ல வெயிலில், நல்ல நினைவோடு, அவள் அப்படியே நம்பிக்கொண்டிருந்திருக்கலாம். பூசணி அவளிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இருவருக்கும் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

கண்காணிப்பாளர் கேட்டார்: "பதில் சரியா?"

அந்தப் படகில் அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) பூசணி "சரி" என்கிறாள். தவளை கரையேறுகிறாள். மணலில் மண்டியிட்டு — இது நன்றாக வந்தது. வரிகள் தானாக ஓடின. அதனாலேயே நம்பவில்லை.

(ஆ) பூசணி "சரி" என்கிறாள். அடுத்த பாட்டிலை எடுக்கத் தவளை வரவில்லை. — இதுவும் நன்றாகவே வந்தது. எழுதி முடித்ததும் ஒரு காபி குடித்தேன். அப்போதுதான் உறைத்தது. இந்த இரண்டையும் அந்தப் பெண்ணும் அந்தப் படகில் எழுதிப் பார்த்திருப்பாள். காபி குடிக்க அவளுக்கு நேரம் இருந்திருக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். பூசணி, "தப்பு" என்றாள். "அண்ணே, கிட்ட விடுங்க" என்றாள். படகு விளிம்பில் வயிற்றை வைத்துக் குனிந்து, தவளையின் தோளைப் பிடித்தாள். அவள் கை வழுக்கியது. மறுபடி பிடித்தாள். கண்காணிப்பாளர் இன்னொரு தோளைப் பிடித்தார்.

தவளை திமிறவில்லை. தண்ணீரிலிருந்து பாதி மேலே வந்த நிலையில் பூசணியைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஏன்டி?"

6

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், உடம்புச் சூடு ரொம்ப இறங்கியிருந்தது என்று. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டதற்கு, "சில பேர் தாங்குவாங்க, சில பேர் தாங்க மாட்டாங்க" என்றார். டாக்டர்களிடம் முடிவு கேட்கக் கூடாது என்று எனக்கு என் தோள் விஷயத்திலேயே தெரியும்.

இந்தத் தடவை தவளை சண்டை போடவில்லை. கண் விழித்ததும் பூசணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "பதில் தப்பா சொன்னேனாம், தூக்கிட்டா. அதான் பேச்சு. இவ இல்லேன்னா நான் இல்ல" என்றாள். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே சொன்னாள். பூசணியின் கணவரிடம்கூடச் சொன்னாள். அவர் அன்றிலிருந்து டாட்டா காட்டும் நகைச்சுவையைச் சொல்வதில்லை.

பூசணிக்கு அதுதான் தாங்கவில்லை.

"சண்ட போட்டிருந்தா நிம்மதியா இருந்திருக்கும் சார்" என்றாள் கேண்டீனில். வடியும் டீ கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அவ அப்பான்னு சொன்னப்ப எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்தச் சுருக்குலதான் தப்புன்னு சொன்னேனா, அவ உதடு நீலமா இருந்ததப் பாத்து சொன்னேனான்னு எனக்கே தெரியல. ரெண்டும் ஒரே நேரத்துல வந்துச்சு."

"அவங்கள இப்பக் கேட்டுப் பாக்கலாமே? அன்னிக்குப் பக்கத்துல யார் இருந்தான்னு?"

"அதுதான் சார் வெனை. இப்பக் கேட்டு, 'நீதான்டி, வேற யாரு'ன்னு சொல்லிட்டான்னா, அன்னிக்குப் பேசுனது குளிரு. நான் தூக்குனது சரி. இப்பவும் அப்பான்னே சொன்னா?"

கோப்பையைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"அப்ப அவ நல்லாத்தான் இருந்திருக்கா. நல்லா இருந்தவள நான் கோவத்துல தூக்கிருக்கேன். அது போகட்டும். இத்தன வருஷமா அவ நெனப்புல நான் அந்தக் கரையிலயே இல்லேன்னு ஆயிரும்."

எழுந்து கை கழுவப் போனாள். வந்து, "மூணாவது தடவ போறா சார்" என்றாள். "நான்தான் படகுல. அதே ஒப்பந்தம்."

7

(இங்கே கதை முடிந்திருக்கலாம். பத்திரிகைக்கு இந்த அளவு போதும். ஆனால் எனக்குத் தவளைமேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கதையில் ஒருத்தியின் பேச்சை மட்டும் கேட்டு எழுதுவது சோம்பேறித்தனம்.)

தவளை வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தோள் வலிக்கு நீச்சல் நல்லதா என்று விசாரிக்க வந்தவன் என்று சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை. குளத்தில் சின்னப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கரையில் நடந்தபடி, "முட்டிய மடக்காத! இடுப்புலருந்து அடி!" என்று கத்தினாள். கழுத்தில் ஜெல்லி மீன் கொட்டிய தழும்பு இன்னும் மங்கலாக இருந்தது.

எழுதுகிறவன் என்றதும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். "ஓ, பூசணி சொன்னா. தோள் சார்."

கொஞ்ச நேரம் பேசினோம். கடலைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் பேசினாள். கடைசிப் பகுதி எதுவும் நினைவில் இல்லை என்றாள். வெளிச்சம் இருந்தது, படகின் அடிப்பாகம் தெரிந்தது, யாரோ தோளைப் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

"பூசணி மாதிரி ஒருத்தி கெடைக்க மாட்டா சார். ஆனா அன்னிக்கு என்ன கேட்டான்னு சொல்ல மாட்டேங்குறா. நான் ரெண்டு தடவ கேட்டேன், பேச்ச மாத்திட்டா." விசிலை விரலில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "உங்ககிட்ட சொல்லிருப்பாளே. என்ன சார் கேட்டா?"

என்னிடம் அந்தக் கேள்வி இருந்தது. அதை அவளுக்குச் சொன்னால், கேட்டதாகவே ஆகிவிடும். அவள் யோசிக்காமல் பதிலும் சொல்லிவிடுவாள். பிள்ளைகள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தாளனாக எனக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது. அதற்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"சரி விடுங்க" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினாள்.

8

கதையை எழுதி முடித்ததும், சொன்னபடி பூசணிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், கேள்வியையும் பதிலையும் சேர்த்து, என்றேன். வேண்டாமென்றால் போடவில்லை, அந்தக் கேள்வி வரும் இடங்களை மட்டும் எடுத்துவிடவும் தயார் என்றேன். மறுமுனையில் எக்ஸ்ரே அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அது எப்ப வரும் சார்?"

"அடுத்த மாசம்."

"நாங்க கடலுக்குப் போறது அதுக்கு அடுத்த மாசம்" என்றாள். பிறகு வேறு யாரிடமோ, "செயினையும் கழட்டிருங்கம்மா" என்று சொல்வது கேட்டது. போன் வைக்கப்பட்டது.

போடச் சொன்னாளா, போட வேண்டாம் என்றாளா? எனக்கு விளங்கவில்லை. மறுபடி கூப்பிட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. அந்த இடங்களை எடுத்தேன், கதை நிற்கவில்லை. திரும்ப வைத்தேன், நான் நிற்கவில்லை, வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் வைத்த மாதிரியே அனுப்பிவிட்டேன்.

தவளை கதை படிக்கிறவளா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் படித்துவிட்டீர்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும், கால் நீண்ட ஒரு பெண்ணை உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தப் பக்கங்களை அவளிடம் கொடுப்பதா, மடித்து உள்ளே வைப்பதா என்பது இனி உங்கள் பாடு. கொடுப்பதானால் கூடவே உட்கார்ந்திருங்கள். "அப்பா" என்ற வார்த்தைக்கு அவள் வந்து சேரும்போது முகத்தைப் பாருங்கள்.

பார்த்ததை எனக்குச் சொல்ல வேண்டாம்.